நெமிலிச்சேரியில் அரை வராகன்

நெமிலிச்சேரி என்று சொன்னால் ஆபீசில் பாதிப் பேர், "நெமிலியா சார்?" என்று நம்மை அரக்கோணத்துக்கு அந்தப் பக்கம் அனுப்பி விடுகிறார்கள். அவ்வளவு தூரமெல்லாம் இல்லை ஐயா. பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் நடுவில் ஒரு சின்ன ஸ்டேஷன். 2014-ல் வண்டலூரிலிருந்து அவுட்டர் ரிங் ரோடு வந்து சேர்ந்ததில், வழிகாட்டிப் பலகையிலாவது ஊர் பெயர் கொட்டை எழுத்தில் ஏறியது.

இங்கே லோக்கல் பிடித்தால் போய் இறங்குவது மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ். 1985-ல் தீக்கு இரையான மூர் மார்க்கெட் இருந்த இடம். பழைய புஸ்தகம், பழைய கிராமபோன், பழைய காசு என்று சகலமும் கிடைத்த சொர்க்கம். அங்கே வாங்கிய வெள்ளிக்காசு ஒன்று, இதே ரயிலில் வந்து எங்கள் தெரு ரிடையர்டு ரயில்வேக்காரர் வீட்டு பீரோவில் குடியிருக்கிறது.

போன ஞாயிறு அதைப் பார்க்கப் போனேன். கூடவே எங்கள் ஆபீஸ் ஜூனியர். பையனுக்கு ஒரு புரோக்கர் வலை விரித்திருந்தான். 1818-ம் வருஷத்து ஈஸ்ட் இந்தியா கம்பெனி ஒரு அணா, அனுமார் படம் போட்டது, பக்கத்தில் அரிசியை வைத்தால் இழுக்குமாம், வெளிநாட்டுக்காரன் கோடியில் கேட்கிறானாம். விலை வெறும் அறுபதாயிரம்!

"அம்மா வளையலை அடகு வெச்சாவது புரட்டிடுவேண்ணே" என்றான். பி.காம். படித்த எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பெரியவர் சிரிக்கவில்லை. பீரோவைத் திறந்து ஒரு காசை அவன் உள்ளங்கையில் வைத்தார்.

"சாமி காசுதானே வேணும்? இதைப் பாரு தம்பி."

ஒரு பக்கம் கோபுரம், சுற்றிலும் நட்சத்திரம். ஆங்கிலத்தில் 'ஹாஃப் பகோடா', கூடவே பாரசீக எழுத்து. மறுபக்கம் தாமரையிலிருந்து எழும் விஷ்ணு, சுற்றிலும் தமிழும் தெலுங்கும். சாட்சாத் கம்பெனிக்காரனே மெட்ராஸில் 1807-க்குப் பிறகு அடித்த அரை வராகன்! நம்மூர் வராகனில் சாமி இருந்து ஜனங்களுக்குப் பழகிவிட்டதால், வெள்ளைக்காரனும் விஷ்ணுவை விடவில்லை.

"வெள்ளி எங்கேருந்து வந்துச்சு தெரியுமா? அமெரிக்காக் கண்டம்!" என்றார்.

ஸ்பெயின்காரர்கள் மெக்சிகோவிலும் பொடோசியிலும் வெட்டியெடுத்த வெள்ளியில் அடித்த டாலர் அந்தக் காலத்தில் உலகம் பூராவும் ஓடியது. அமெரிக்கர்கள் தங்கள் சொந்த வெள்ளி டாலரை முதலில் அடித்ததே 1794-ல்தான். அதன் பிறகும் 1857 வரை ஸ்பானிய டாலர் அங்கே சட்டப்படி செல்லும். 1784 டிசம்பரில் 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' என்ற கப்பல் பாண்டிச்சேரிக்கு வந்தது. பின்னாலேயே அமெரிக்க வியாபாரிகள் மெட்ராஸுக்கும் கல்கத்தாவுக்கும் வந்து, துணிமணிக்கு இந்த டாலரைத்தான் எண்ணி வைத்தார்கள். அதன் மேலேயே வராகன் முத்திரையை அடித்த காசுகளும் உண்டு. பெரியவர் லென்ஸைக் கொடுத்தார். கோபுரத்துக்கு அடியில், சரியாக அழியாத பழைய முத்திரையின் கோடுகள்! அமெரிக்காவில் இந்த டாலருக்கு ஆலாய்ப் பறக்கிறார்கள். இங்கே அது கோபுரத்துக்கு அடியில் ஒளிந்திருக்கிறது.

கணக்குப் பிள்ளைகளுக்கு ஒரு தகவல்: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். நல்ல வேளை, அப்போது நான் கணக்கு எழுதவில்லை.

"1818-ல மெட்ராஸ்ல நிஜமா நடந்தது என்ன தெரியுமா? வராகன் கணக்கு போய் ரூபாய்க் கணக்கு வந்துச்சு. அனுமார் அணாவைக் கம்பெனி அடிக்கவே இல்லை. எல்லாம் பின்னாடி கிளம்பின சரக்கு" என்றவர், சின்னத் தராசில் அரை வராகனை வைத்தார். 21 கிராம் சொச்சம். "அரிசியை இழுக்குதா, அண்டாவை இழுக்குதான்னு பார்க்காதே. எடை போடு. எழுத்தைப் பாரு. அசலை ஒரு தரம் கையில வாங்கிப் பார்த்துட்டு அப்புறம் கடைக்குப் போ. எழும்பூர் மியூசியத்துல காசு நெறைய இருக்கு, போய்ப் பாரேன்."

ஜூனியரின் செல் அடித்தது. புரோக்கர்!

"அண்ணே, காசு எத்தனை கிராம்?" என்று கேட்டான் பையன்.

"சாமி காசைத் தராசுல வெச்சா சக்தி போயிடும் தம்பி. நாளைக்குள்ள அட்வான்ஸ் வேணும், வேற பார்ட்டி ரெடியா இருக்கான்."

"அப்போ அவருக்கே குடுத்துடுங்கண்ணே" என்று கட் பண்ணிவிட்டு, லென்ஸை மறுபடி கையில் எடுத்துக்கொண்டான். சாயங்கால லோக்கலுக்கு நேரமாகிவிட்டது என்று நான் இரண்டு தடவை சொன்னேன். காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.