மடக்குக் கத்தியின் வில்

மடக்குக் கத்தி பழசாகிவிட்டால் அலகு மழுங்கியதைப் பற்றித்தான் எல்லோரும் விசாரப்படுகிறார்கள். அலகைச் சாணைக்கல் சீர்படுத்திவிடும். முதுகிலுள்ள வில் தளர்வதே மெய்யான ஆபத்து. மொண்ணைக் கத்தி பென்ஸில் சீவுகிறவனுக்கு எரிச்சல் மூட்டுவதோடு சரி; வில் தளர்ந்த கத்தியோ எதிர்பாராத சமயத்தில் மடிந்து விரலைக் கவ்வும்.

நம்மிடம் இருப்பது இங்கிலாந்திலுள்ள ஷெப்பீல்டு நகரத்துக் கத்தி. 1624-ஆம் வருஷத்திலேயே கத்தித் தொழிலாளருக்கென்று சட்டபூர்வமான சங்கம் ஏற்பட்ட ஊர் அது. பாட்டனார் காலத்துப் பொருளாகையால், "வீசி எறிந்துவிட்டுப் புதிது வாங்குங்கள்" என்று கடைக்காரர் ஒருவர் சொன்ன யோசனை நமக்கு ரசிக்கவில்லை. அலகு திரும்பும் ஆணியைச் சுத்தியலால் தட்டி இறுக்கும்படி ஒரு நண்பர் சொன்னார். அப்படிச் செய்தால் அலகின் ஆட்டம் நிற்கும், உராய்வும் மிகும். வில்லுக்கு அதனால் ஒரு குன்றிமணி பலங்கூட ஏறாது.

இந்தக் கத்தியின் சூக்ஷ்மம் எளியது. முதுகிலுள்ள எஃகுப் பட்டை ஒரு கோடியில் ஆணியால் பிணைக்கப்பட்டு, நடுவிலுள்ள இன்னோர் ஆணியில் தாங்கி நிற்கிறது. அதன் மறுகோடி அலகின் அடிப்பாகத்தை அழுத்துகிறது. அலகைக் கழற்றிவிட்டால் அந்தக் கோடி சற்று உட்புறம் தாழ்ந்து நிற்கவேண்டும். அலகைப் பொருத்தும்போது மேலே தள்ளப்படவேண்டும். அந்தத் தாழ்வுதான் அழுத்தத்தின் பிறப்பிடம்.

முதலில் வெந்நீரும் சோப்பும் கொண்டு பழைய பல் தேய்க்கும் பிரஷால் உட்பள்ளத்தைத் தேய்த்தோம். சட்டைப்பையின் பஞ்சும், உறைந்துபோன எண்ணெயும் வந்த அளவைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது! நன்றாய் உலர்த்தி, மூட்டில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டதும் கத்திக்குப் பாதி உயிர் வந்தது. அநேகக் கத்திகளுக்கு இந்த வைத்தியமே போதும்.

மீதிப் பாதிக்காகப் பூட்டு ரிப்பேர் செய்யும் பெரியவர் ஒருவரிடம் போனோம். ஆணிகளின் தலையை அராவி அவர் வில்லை வெளியே எடுத்தார். அது ஏறக்குறைய நேராகவே நின்றது.

"ஐயா, உலையில் போட்டுத் தோய்ச்சல் கொடுத்தால் முறுக்கேறிவிடும்" என்றார்.

"பெரியவரே, விரிசலோ, நெருப்புப் பட்ட அடையாளமோ தெரிகிறதா?" என்று கேட்டோம்.

"ஒன்றுமில்லை."

அப்படியானால் உலைக்கு வேலையில்லை. ஒரே கனமுள்ள எஃகுப் பட்டையைக் கொஞ்ச தூரம் வளைப்பதற்கு, தோய்ச்சல் ஏறினதானாலும் ஏறாததானாலும் ஒரே அளவு பலந்தான் வேண்டும். எவ்வளவு வளைத்தாலும் பழைய நிலைக்குத் திரும்பும் என்கிற எல்லையைத்தான் தோய்ச்சல் உயர்த்துகிறது. பலத்தை நிர்ணயிப்பது கனம். கனம் பாதியானால் வில்லின் பலம் எட்டில் ஒரு பங்காகக் குறைந்துபோம். துருவை நீக்குகிறேனென்று வில்லை அரத்தால் ராவுகிறவர்கள் இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைக்கவேண்டும்.

பெரியவர் சிறிது யோசித்தார். பிறகு வில்லின் ஒரு பக்கத்தில் இரண்டு ஆணித் துண்டுகளும் மறுபக்கத்தில் நடுவே ஒன்றும் வைத்து, வைஸில் கடித்து, மெல்ல மெல்ல முடுக்கினார். எடுத்துப் பார்ப்பதும், மறுபடி வைப்பதுமாய் நாலு தடவை ஆயிற்று. வளைவு ஒரு நூலளவுகூட இராது. அதற்குமேல் போனால் வில் முறியும். முறியாவிட்டாலும் அலகின் அடிப்பாகம் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்று அவரே நிறுத்திக்கொண்டார்.

இப்போது அலகைத் திறப்பதற்குக் கட்டைவிரல் நகம் கொஞ்சம் சிரமப்படவேண்டியிருக்கிறது. வீட்டுக் குழந்தைகளால் திறக்க முடியவில்லை என்பதில் நமக்குப் பரம சந்தோஷம். பழைய வெள்ளை உலோக ஆணி அகப்படாததால், பெரியவர் பித்தளைக் கம்பியை வெட்டி அடித்திருக்கிறார். கறுத்த மான்கொம்புப் பிடியில் அந்த மூன்று மஞ்சள் பொட்டுக்களும் கொஞ்சம் அதிகமாகவே மினுக்குகின்றன, நாளடைவில் மங்கிவிடும்.