தனிச் சாளரத்தின் பூர்வீகம்

திருமுருகன்பூண்டியில், கல்லுளியின் ஓசை ஓயாத சிற்பக்கூடங்களைக் கடந்து உள்ள ஒரு பனியன் கம்பெனியின் அலுவலகத்தில், பையர்களின் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் ஒருவர், திரையின் அடியிலிருந்த சிறு ஐகானைச் சொடுக்க, முகவரிப் பட்டையோ வேறு டேபோ இன்றி ஓர் இணையதளம் தனிச் சாளரமாக விரிந்ததைக் கண்ட நாள்முதல், இவ்வழக்கத்தின் பூர்வீகம் யாதென அறியும் விருப்பம் என்னைப் பற்றிக்கொண்டது.

“பத்து டேப்புக்குள்ள இது எங்கியோ மாட்டிக்குதுங்க, தனியா இருந்தா டக்குனு எடுத்துக்கலாமுங்க” என்றார் அவர்.

முதலில் 2015ஆம் ஆண்டை அடைந்தேன். அவ்வாண்டில் அலெக்ஸ் ரஸ்ஸல், பிரான்சஸ் பெரிமன் ஆகிய இருவரும் இவ்வகைத் தளத்துக்குப் ‘புரொகிரஸிவ் வெப் ஆப்’ என்னும் நாமத்தைச் சூட்டினர். தளத்தின் பெயர், ஐகான், தொடக்கப் பக்கம் ஆகியவற்றைச் சொல்லும் மேனிஃபெஸ்ட் என்ற சிறு கோப்பில் ‘ஸ்டாண்டலோன்’ என்று குறித்துவிட்டால், நிறுவப்பட்ட தளம் முகவரிப் பட்டையைத் துறந்து திறக்கும். ஆனால் 2008இல் வெளிவந்த குரோமின் முதற்பதிப்பிலேயே தளத்தைத் தனிச் சாளரத்தில் திறக்கும் ஷார்ட்கட்டை அமைக்கும் வசதி இருந்தது. அதற்கும் ஓராண்டு முன்பே மொசில்லாவின் பிரிஸம் என்னும் நிரல் அதே காரியத்தைச் செய்தது. இன்னும் பின்னோக்கினால், 1999இல் மைக்ரோசாப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5, வலைப்பக்க மொழியில் எழுதிய கோப்பை விண்டோஸின் சொந்த நிரல்போலவே இயக்கியது. அக்கோப்புக்குக் கணினியில் சர்வ சுதந்திரமும் அளிக்கப்பட்டிருந்தமையால், தீய நிரல் எழுதுவோர்க்கும் அதுவே வாயிலாயிற்று.

ஆயினும், சாளரம் தனித்துவிட்ட மாத்திரத்தில் தளம் செயலியாகிவிடுமோ? நெட் போனதும் வெண்திரையாகிவிடும் ஒன்றைச் செயலி என ஒப்புக்கொள்ள என் மனம் இசையவில்லை. ஆகவே தேடலின் திசையை மாற்றினேன். அது என்னைச் சென்னைக்கே கொண்டுவந்து சேர்த்தது. 2007 மே மாதம் கூகுள் வெளியிட்ட கியர்ஸ் என்னும் துணைநிரல், பக்கங்களைக் கணினியிலேயே சேமித்துவைக்கவும், தரவுகளை அங்கேயே ஒரு களஞ்சியத்தில் எழுதவும், பின்னணியில் வேலை நடத்தவும் உலாவிக்கு ஆற்றல் தந்தது. அட்வென்ட்நெட் என்று அப்போது வழங்கிய சென்னையின் சோஹோ நிறுவனம், அதனைத் தன் ரைட்டர் என்னும் எழுதுசெயலியில் பொருத்தி, அவ்வாண்டிலேயே இணைப்பின்றி முதலில் படிக்கவும், நவம்பரில் எழுதவும், இணைப்பு மீண்டதும் திருத்தங்களைச் சர்வரோடு ஒன்றாக்கவும் வழி செய்துவிட்டது. கூகுள் தன் சொந்த டாக்ஸுக்கு அவ்வசதியை அளித்தது 2008இல்தான்! நம் நாட்டுப் பொறியியலாளரின் இம்முந்துகை, இத்துறையின் சரித்திரத்தில் உரிய இடம்பெறாதது எனக்குப் பெருங்குறையாகவே படுகிறது.

கியர்ஸின் வளர்ச்சியை 2010இல் கூகுள் நிறுத்திவிட்டது. எனினும் அதன் கருத்து, சர்வீஸ் வொர்க்கர் என்னும் உருவில் இன்றைய முக்கிய உலாவிகள் அனைத்திலும் இடம்பெற்றுள்ளது. தளத்தை இயற்றுவோர் அதனை முறைப்படி எழுதியிருந்தால், லாரி வாசலில் காத்துநிற்கும் வேளையில் இணைப்பு அறுந்தாலும், பேக்கிங் லிஸ்டைத் தொடர்ந்து பதிந்துகொண்டிருக்கலாம்.