பூட்டிய சக்கரங்கள்

தமிழில் 'பனி' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு வாழ்நாளைக் கழித்துவிடலாம். மார்கழிக் காலையில் புல்நுனியில் நிற்பதும் பனி. இமயத்தில் உறைந்து கிடப்பதும் பனி. முன்பனி, பின்பனி என்று பெரும்பொழுதுகளை இருபது ஆண்டுகளாக வகுப்பில் விளக்கி வருகிறேன். நான் அறிந்த பனியோ வெயில் ஏறியதும் மறைந்துவிடுவது. மறையாத பனியின் மீது வண்டி ஓட்டிய ஒரு முற்பகலில்தான் அந்தச் சொல்லுக்குள் எத்தனை பொருள்கள் ஒளிந்திருக்கின்றன என்பது தெரிந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஜனவரியில், மணாலியில் பணிபுரியும் என் மனைவியின் தம்பியைப் பார்க்கக் குடும்பத்தோடு போயிருந்தோம். அங்கிருந்து அவனுடைய நாற்சக்கர இயக்க வண்டியில் லாஹௌல் பள்ளத்தாக்குக்குப் புறப்பட்டோம். முன்பெல்லாம் 3,978 மீட்டர் உயரமுள்ள ரோதாங் கணவாய் பனியால் மூடிக்கொண்டால் லாஹௌல் மாதக்கணக்கில் தனித்துப் போய்விடும். 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட, ஒன்பது கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை அந்த நிலையை மாற்றிவிட்டது. அதன் வடவாயிலைக் கடந்து சிஸ்ஸூவில் தேநீர் அருந்த இறங்கினோம். திரும்பி வந்தபோது வண்டியின் இடப்பக்கப் பின்சக்கரம் பனிக்குழியில் இறங்கி, நின்ற இடத்திலேயே சுழன்றது. வலப்பக்கச் சக்கரம் அசையவேயில்லை. முன்சக்கரங்களும் பனிக்குவியலில் புதைந்திருந்ததால் அவற்றாலும் பயனில்லை.

மைத்துனன் காரணத்தைச் சொன்னான். மாட்டுவண்டியில் இரு சக்கரங்களும் தனித்தனியே அச்சில் சுழல்கின்றன. வளைவில் வெளிச்சக்கரம் கூடுதல் தொலைவு ஓடினாலும் சிக்கல் இல்லை. மோட்டார் வண்டியில் எஞ்சினே இரண்டு சக்கரங்களையும் சுழற்ற வேண்டும். ஆகவே, வேறுவேறு வேகத்தில் அவற்றைச் சுழலவிடும் பல்சக்கரத் தொகுதியொன்று நடுவே தேவைப்படுகிறது. அதுதான் டிஃபரன்ஷியல். பிரான்ஸைச் சேர்ந்த பெக்கூர் என்பவர் 1820களில் நீராவி வண்டிக்காக வகுத்த அமைப்பு அது. அதன் இயல்பு இரு சக்கரங்களுக்கும் சமமான முறுக்குவிசையை அளிப்பது. பிடிமானமற்ற சக்கரத்தைச் சுழற்ற மிகச் சிறிய விசையே போதும். அதே சிறிய விசைதான் மறுசக்கரத்துக்கும் கிடைக்கும். வலுவுள்ளதும் வலுவிழந்ததன் அளவுக்கே இறங்கிவிடுகிறது.

"இப்ப பாருங்க அத்தான்" என்று கியர்க் கம்பியின் அருகிலிருந்த சிறிய நெம்புகோலை இழுத்தான். பின் டிஃபரன்ஷியலின் பூட்டு விழுந்தது. இனி இரு சக்கரங்களும் ஒரே அச்சுப்போல் ஒரே வேகத்தில்தான் சுழலும். வண்டி ஒருமுறை குலுங்கி, மேலேறி வந்துவிட்டது. என் மகள் கைதட்டினாள்.

அந்த வெற்றியில் எனக்கும் ஓட்டும் ஆசை வந்தது. சாலை காலியாகத்தான் இருந்தது. "பூட்டை எடுத்துடுங்க" என்றான். "இருக்கட்டும் மாப்பிள்ளை, பிடிமானம் நல்லதுதானே" என்றேன். மூத்தவன் சொல்லைத் தட்டத் தயங்கி, "மெதுவாப் போங்க" என்று மட்டும் சொன்னான்.

கேலாங் நோக்கிச் செல்லும் அந்தச் சாலையில் இடப்புறம் கீழே சந்திரா ஆறு. மலையின் நிழல் விழுந்த ஒரு வளைவில், பகலில் உருகி வழிந்த நீர் இரவில் மீண்டும் உறைந்திருந்தது. கண்ணுக்கு அது ஈரச்சாலைதான். உலர்ந்த தார்ச்சாலையின் உராய்வுக் கெழு ஏறத்தாழ 0.7 என்றால், பனிக்கட்டியில் அது 0.1 அல்லது அதற்கும் குறைவு. சாலை ஆற்றின் பக்கமாகச் சற்றே சாய்ந்திருந்தது. நான் வலப்புறம் திருப்பினேன். பூட்டிய பின்சக்கரங்கள் வண்டியை நேராகவே தள்ளின. பதற்றத்தில் ஆக்ஸிலரேட்டரைச் சற்று அழுத்தினேன். அதன்பின் நடந்ததற்கு ஓசையே இல்லை. வண்டியின் பின்பகுதி, யாரோ மெல்லத் தள்ளுவதுபோல், ஆற்றை நோக்கி நகரத் தொடங்கியது. பின்னிருக்கையில் என் மகள் இருந்தாள்.

"பிரேக்கைத் தொடாதீங்க அத்தான், காலை எடுங்க." எடுத்தேன். சாலையோரம் ஒதுக்கிக் குவித்திருந்த பனித்திட்டில் பின்சக்கரம் மோதி நின்றது. அந்தத் திட்டுக்கு அப்பால் சரிவு. கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

பூட்டு இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றிரவு கேட்டேன். ஒரு பின்சக்கரம் வீணாகச் சுழன்றிருக்கும்; விசை குறைவாகக் கிடைத்த மற்றொன்று சறுக்காமல் மெல்ல உருண்டபடி, வண்டியின் பின்பகுதி பக்கவாட்டில் நழுவாதபடி பிடித்திருக்கக்கூடும் என்றான். பூட்டியபோது இரண்டும் ஒன்றாகவே பிடியிழந்தன. பூட்டு, முன்னே தள்ளும் ஆற்றலைத் தருமே தவிர, சாய்ந்த பனிக்கட்டியில் நிற்கும் ஆற்றலைத் தராது. நிறுத்தும் தொலைவையும் குறைக்காது. குழியிலிருந்து நேராக, மெதுவாக வெளியேறும்வரைதான் அதன் வேலை. எடுப்பதற்கும் பொறுமை வேண்டும்: நெம்புகோலைத் தளர்த்தியதும் பற்கள் உடனே விலகிவிடா, வண்டி சற்று உருண்டு, உள்ளே ஏறியிருக்கும் இறுக்கம் தளர வேண்டும்.

இதை எழுதக் காரணம் வண்டி மட்டுமன்று. பதினொன்றாம் வகுப்பில் மகள் மதிப்பெண்களில் சரிந்தபோது ஒரு கால அட்டவணை போட்டேன். காலை ஐந்து மணிக்கு எழுவது, தொலைபேசியை என்னிடம் ஒப்படைப்பது, மாலையில் தோழிகள் வீட்டுக்குப் போகாதிருப்பது. அது பயன்பட்டது, அவள் மேலேறி வந்தாள். கல்லூரியில் சேர்ந்து இரண்டாம் ஆண்டு நடந்துகொண்டிருந்த அந்த ஜனவரியிலும் அட்டவணை அப்படியே இருந்தது. பயன்பட்ட ஒன்றை ஏன் எடுக்க வேண்டும் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மைத்துனன்தான் ஓட்டினான். சிஸ்ஸூவைத் தாண்டும்போது, சட்டைப்பையில் நான் வைத்திருந்த தொலைபேசியை மகளிடம் நீட்டினேன். "இன்னும் ஆறு மணி ஆகலியேப்பா" என்றாள். "பரவாயில்லை, வைத்துக்கொள்" என்றேன். அவள் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, வெகுநேரம் வெளியே தெரிந்த பனியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களுக்குள் ஏறியிருந்த இறுக்கம் தளர இன்னும் கொஞ்ச தூரம் உருள வேண்டியிருந்தது.