அமுக்கறியா, ஆசீர்வாதம் பண்றியா?

அப்பாவுக்கு வலது தோள் பூட்டிக்கொண்டது. சட்டை மாட்டக் கையைத் தூக்கினால் முகம் அஷ்டகோணலாகும். பாண்டிச்சேரிக்காரர்கள் ரோடியர் மில் என்று சொல்லும் ஏ.எஃப்.டி.யில் இருபது வருஷத்துக்கு மேல் தறி ஓட்டிய கை அது. 1898-ல் தொடங்கிய மில்லை 2020-ல் இழுத்து மூடினார்கள். "மில்லு நின்னுச்சு, இப்ப தோளும் நின்னுச்சு" என்பார்.

டாக்டர் பார்த்தார். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது சகஜம், எலும்பில் கோளாறு இல்லை, பிசியோதெரபிக்குப் போங்கள் என்றார். போனோம். தினமும் ஆட்டோவுக்குக் கொடுத்ததும் என் பி.காம். மூளை கணக்குப் போட்டது. நானே கற்றுக்கொண்டால் என்ன?

பிசியோதெரபிஸ்ட் அம்மா சிரித்தார். ஆனாலும் வீட்டில் செய்கிற அளவுக்குக் கற்றுக்கொடுத்தார். பெயர், மயோஃபேசியல் ரிலீஸ்.

வீட்டில் சொன்னதும் அப்பா பதறினார்.

"ஃபேஷியலா? இந்த வயசுல எனக்கு எதுக்குடா?"

விஷயம் அதுவல்ல ஸார். சாத்துக்குடி உரித்திருக்கிறீர்களா? சுளைக்கு மேல் மெல்லிய வெள்ளைத்தோல் இருக்குமே, அதுபோல நம் தசைகளைச் சுற்றியும் ஓர் உறை உண்டு. அதுதான் ஃபேசியா. அசையாமல் கிடந்தால் அந்த இடம் விறைத்துப்போகும். கம்ப்யூட்டர் முன்னால் கழுத்தை நீட்டி உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம்.

முதல் நாள் சப்பாத்தி மாவு பிசைவதுபோல் வெளுத்து வாங்கினேன். மறுநாள் காலையில் அப்பாவால் காபி டம்ளரைக்கூடத் தூக்க முடியவில்லை. அந்த அம்மாவிடம் செம டோஸ்.

"அமுக்கச் சொல்லலை. காத்திருக்கச் சொன்னேன்!"

அதுதான் சூட்சுமம். எண்ணெய் கூடாது, விரல் வழுக்கும். உள்ளங்கையைப் பதித்து, தோலை மெதுவாக ஒரு பக்கம் இழுத்து, இறுக்கம் தட்டும் இடத்தில் அப்படியே நிறுத்த வேண்டும். குறைந்தது ஒன்றரை நிமிஷம். சில சமயம் ஐந்து நிமிஷம்கூட ஆகும். பிறகு அடியில் ஏதோ இளகுவதுபோல் இருக்கும்.

"எண்ணெயும் இல்ல, அழுத்தமும் இல்ல. அமுக்கறியா, ஆசீர்வாதம் பண்றியா?"

"வலிச்சா மட்டும் சொல்லுங்கப்பா."

ஒன்றரை நிமிஷம் எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. எனக்கு நினைவு தெரிந்து அப்பாவை நான் தொட்டதே இல்லை. அவரும் நாலு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. கோபக்காரர் என்றே நினைத்து வளர்ந்தேன்.

மூன்றாவது வாரம், கை தோளில் இருக்கும்போது அவராகவே ஆரம்பித்தார். "தறி ஓடற சத்தத்துல ஒண்ணும் காதுல விழாதுடா. உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்குவோம். எட்டு மணி நேரம் அப்படியிருந்துட்டு வீட்டுக்கு வந்தா... பேச்சு வராது."

என் கை அங்கேயே இருந்தது. கடிகாரத்தைப் பார்க்க மறந்துவிட்டேன்.

இது சர்வரோக நிவாரணி இல்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், ரத்தக்கட்டு, எலும்பு முறிவு, காய்ச்சல் உள்ளவர்கள் மேல் நீங்களாகக் கை வைக்காதீர்கள். முதலில் டாக்டர். அப்பாவும் கயிறு இழுக்கும் பயிற்சியை விடவில்லை. எதனால் எவ்வளவு குணம் என்று என்னால் பற்று வரவு எழுத முடியாது.

மூன்று மாதமாயிற்று. கை இன்னும் முழுசாக மேலே போகவில்லை. ஆனால் சட்டையைத் தானே மாட்டிக்கொண்டு சாயங்காலம் பீச் ரோடு போகிறார்.

ராத்திரி சாப்பிட்டதும் பாயைப் போட்டு உட்கார்ந்து குரல் கொடுக்கிறார்.

"ஏன்டா, ஆசீர்வாதம் பண்ண வரலியா?"