கோடையில் ஓர் அறிவியல் வகுப்பு

பிளஸ் டூவில் வணிகவியல் பயின்ற மாணவியும் ஜி.என்.எம். எனும் செவிலியர் பட்டயப் படிப்பில் சேரலாம், பி.எஸ்சி. நர்சிங் படிப்பிற்கோ இயற்பியல், வேதியியல், உயிரியல் கட்டாயம். விதி திறந்துவைத்த கதவு நல்லதே. ஆயினும் முதலாண்டிலேயே உடற்கூறியலும் நுண்ணுயிரியலும் எதிரே நிற்கின்றன. ஆகவே, சிவகாசியை அடுத்த எங்கள் பங்கில் கோடை விடுமுறையில் ஆறு வாரம் அறிவியல் வகுப்பு நடத்துகிறோம். கற்பிப்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். இறையியல் மட்டுமே கற்ற நான் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்பவன்.

ஆறு வாரத்தில் அறிவியல் கைவருமா? வராது. ஆனால் இப்பிள்ளைகள் வெறுங்கையோடு வருவதில்லை. இங்கே 'மருந்து' என்றாலே பட்டாசுக் கலவைதான் முதலில் நினைவுக்கு வரும். அலுமினியத் தூள் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் சூடேறும் என்பதைத் தாய்மார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள். அப்போது ஹைட்ரஜன் வெளிப்படுகிறது என்பதே அவர்களுக்குப் புதிது.

சென்ற ஆண்டு தீக்காயப் பாடம் வந்தது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தை இப்பகுதி மறக்கவில்லை. வகுப்பில் பேச்சே இல்லை. தோல், உடலின் நீரைக் காக்கும் அணை. பெருந்தீக்காயத்தில் இரத்த நாளங்களிலிருந்து நீர்மம் கசிந்துவிடும். முதல் 24 மணி நேரத்தில் அதனை ஈடுசெய்வதே உயிர் காக்கும் என்று விளக்கினார் ஆசிரியை.

"எங்க அத்தை தண்ணி தண்ணின்னு கேட்டது அதனாலதானா, டீச்சர்?" என்றாள் ஒரு மாணவி.

"ஆமாம்மா" என்றார் அவர், சற்றுப் பொறுத்து.

சிலுவையில் எழுந்த தாகக் குரலைப் பெரிய வெள்ளிதோறும் ஆன்மாக்களின் மீதான தாகமென்றே விளக்கிவந்திருக்கிறேன். அவ்விளக்கத்தை நான் கைவிடவில்லை. எனினும் சாட்டையடியில் குருதி இழந்த ஓர் உடலின் தாகமும் அதுவென, இவ்வாண்டு மறையுரையில் முதலில் சொன்னேன்.

தீக்காயப் பாடத்திற்கு இன்னும் இரண்டு நாள் வேண்டுமென ஆசிரியை கேட்டிருக்கிறார். விடுமுறை மறைக்கல்வி நேரத்திலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.