மூன்று மில்லிமீட்டர்க் கயிறு

சங்கத்து அன்பர்களில் பலர் அரைகுறையாக அறிந்த செய்திதான் இது. குற்றம் நம்முடையதாகையால் முழுவதையும் நாமே எழுதிவிடுவது முறையென்று கருதுகின்றோம்.

நமது அமரர் ஊர்தி நிற்கும் கொட்டகைக்கு இருப்பது கடைத்தெருவில் காணும் சுருட்டுக் கதவன்று. பலகை பலகையாக மடிந்து மேலேறிக் கூரையை ஒட்டிப் படுத்துக்கொள்ளும் இரும்புக் கதவு. முன்பு அங்கே கிடங்கு வைத்திருந்தவர் போட்டுச் சென்றது. எடை நூற்றிருபது கிலோ. எனினும் ஒரு கையால் தூக்கிவிடலாம். மேலே குறுக்குத் தண்டில் முறுக்கேறிக் கிடக்கும் ஸ்பிரிங்தான் அந்தப் பாரத்தைச் சுமக்கின்றது. ஸ்பிரிங்கின் வலிமையைக் கதவின் அடிமூலைகளுக்குக் கொண்டு சேர்ப்பவை இருபுறமும் உள்ள இரண்டு கம்பிக்கயிறுகள். கதவு ஏற ஏற அவை தண்டின் முனைகளிலுள்ள உருளைகளில் சுற்றிக்கொள்ளும்.

சென்ற மழைக்காலத்தில் ஓரிரவு, மணி இரண்டிருக்கும். ஓர் அன்பரின் தந்தையார் மருத்துவமனையில் காலமாகிவிட, ஊர்தி வேண்டுமென்று செய்தி வந்தது. ஓட்டுநர்ப் பிள்ளை கதவைத் தூக்கினார். முழங்கால் உயரம் எழும்பியதும் இடப்பக்கத்துக் கயிறு அறுந்தது. கதவு ஒருச்சாய்ந்து தண்டவாளத்தில் இறுகி நின்றுவிட்டது. அவர் கையை எடுத்துக்கொண்டது நொடிப்பொழுதில். ஊர்தி உள்ளே, நாங்கள் வெளியே, மழையில். வேறு வண்டி கிடைக்க விடிந்துவிட்டது. அதுவரை அக்குடும்பத்தார் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் காத்திருந்தனர். மகனார் நம்மை ஒரு சொல்லும் கேட்கவில்லை.

கேட்டிருக்கலாம். ஏனெனில் அந்தக் கயிற்றின் அடிப்பாகத்தில் கம்பிகள் பூனைமீசை போல் சிலிர்த்து நிற்பதையும், தம் விரலைக் கிழித்ததையும் எட்டு மாதங்களுக்கு முன்பே ஓட்டுநர் நம்மிடம் கூறியிருந்தார். கணக்கு நம் கையில். ஆண்டு விழா முடியட்டும், பார்ப்போம் என்றோம். விழா முடிந்தது, நாம் பார்க்கவில்லை.

மறுநாள் நாக்தேவித் தெருவுக்கு ஓடி, பழையதைவிடப் பருமனாக இருக்கட்டுமென்று ஐந்து மில்லிமீட்டர்க் கயிறு வாங்கி வந்தோம். ரயில்வே தொழிற்கூடத்தில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவர் அதைக் கையில் வளைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "தம்பி, இது உங்கள் உருளையின் பள்ளத்தில் உட்காராது, ஏறி வழுக்கிவிடும். பழையது பலம் போதாமல் அறுந்தது என்றா நினைத்தீர்கள்?"

கதவின் பாரத்தில் ஒரு கயிற்றுக்கு வருவது பாதி, அதாவது அறுபது கிலோ. நல்ல மூன்று மில்லிமீட்டர்க் கயிறு அதைப்போல் பன்மடங்கு தாங்கும். அறுத்தது பாரமன்று, துரு. தரை கழுவிய நீரும் மும்பைக் கடற்காற்றும் அடிமூலையில் தங்கித் துத்தநாகப் பூச்சைத் தின்றுவிட்டன. அவர் வாங்கச் சொன்னது ஏழுக்குப் பத்தொன்பது. ஸ்டோர்ஸ் பிரிவில் இத்தகைய எண்களை நாம் பத்தாண்டுகளாகப் பேரேட்டில் எழுதி வருகின்றோம். நீள அகலமென்றே எண்ணியிருந்தோம்! முதல் எண் புரிகளின் தொகை. அடுத்தது ஒரு புரியிலுள்ள கம்பிகள். ஏழுக்கு ஏழில் 49 கம்பிகள். ஏழுக்குப் பத்தொன்பதில் 133. பருமன் ஒன்றேயாயினும் கம்பிகள் மெலிதாகையால், நான்கங்குல உருளையில் நாள்தோறும் வளைந்தாலும் எளிதில் களைத்து ஒடியா.

கம்பிக்கயிற்றை 1834 ஆம் ஆண்டில் சுரங்கத்துக்கென முறுக்கியவர் ஜெர்மனியின் ஹார்ஸ் மலைப்பகுதியில் அதிகாரியாயிருந்த வில்ஹெல்ம் ஆல்பர்ட். அதற்குமுன் அங்கே பயன்பட்ட சங்கிலியில் ஒரு கண்ணி விட்டால் அனைத்தும் போயிற்று. கயிற்றிலோ ஒரு கம்பி அறுந்தாலும் மற்றவை தாங்கி நின்று, பார்ப்பவனுக்குத் தவணை கொடுக்கின்றன. நமக்கு எட்டு மாதத் தவணை கிடைத்திருந்தது.

மாற்றும் வேலையில் அண்ணாச்சி நம்மை அருகில் விடவில்லை. ஸ்பிரிங்கின் முறுக்கை இறக்காமல் அடிமூலைத் திருகில் கைவைத்தால் கை தங்காது என்றார். இரண்டு எஃகுத் தண்டுகளை மாற்றி மாற்றிச் செருகிக் கால் சுற்றுக் கால் சுற்றாக முறுக்கை இறக்கினார். வலப்பக்கக் கயிறு நன்றாகத்தானே இருக்கின்றது, அதையும் மாற்றுவானேன் என்று நம் கணக்குப் புத்தி வாதிட்டது. பழையது நாட்பட நீண்டிருக்கும். ஒன்று நீண்டு ஒன்று குறுகினால் கதவு மீண்டும் சாயும் என்று அவர் அதையும் கழற்றி எறிந்தார். முடிவில் கதவைப் பாதி உயர்த்திக் கையை எடுத்தார். அது ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

கழற்றிய அந்த நல்ல கயிற்றைப் பழந்துணியால் உருவிப் பார்க்கச் சொன்னார். அடிப்பக்கத்தில் துணி நான்கு இடங்களில் மாட்டிக்கொண்டது. இப்பொழுது மாதத்தின் முதல் ஞாயிறுதோறும், கதவை மூடி வைத்துவிட்டு, புதுக் கயிறுகளின் மேல் துணியை ஓட்டி வருகின்றோம், வெறுங்கையால் அன்று.

அந்த அன்பரின் இல்லத்துக்கு நாம் இன்னும் சென்றிலோம். இவ்விதழ் அவர் கைக்குக் கிடைக்குமுன் சென்றுவிட எண்ணியிருக்கின்றோம்.