சுவரைப் பார்த்துச் சொன்ன செபம்

பெரம்பலூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவ ஊர்களில் ஒரு காலத்தில் பொழுது சாய்ந்துவிட்டதை ஆடு மாடு வீடு திரும்புவதை வைத்தும் தெரிந்துகொள்ளலாம், செபமாலைச் சத்தத்தை வைத்தும் தெரிந்துகொள்ளலாம். எதிர்வீட்டில் முன்பாதி கேட்கும், எங்கள் வீட்டில் பின்பாதி போய்க்கொண்டிருக்கும். தெருவே ஒரு செபமாலையைப் பங்கு போட்டுக்கொண்டு சொல்வது மாதிரி இருக்கும். ஐம்பத்து மூன்று மணியும் உருண்டு முடிந்ததும் பிள்ளைகள் சோற்றுக்கு எழுந்து ஓடுவோம். அப்பாயி மட்டும் எழாது. சிம்னி விளக்கைக் கொஞ்சம் தணித்துவிட்டு, காலை நீட்டிக்கொண்டு, சுரூபத்தைப் பார்த்துப் பேச ஆரம்பிக்கும்.

"சாமி, இடுப்பு வலி தாங்கல. நாளைக்கும் வெங்காயத்துக்குப் போவணும். பாத்துக்க."

அவ்வளவுதான். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்துவிடும்.

சின்ன வெங்காயம் வெட்டி முடிந்ததும் பெண்கள் வரிசையாகக் குந்தித் தாள் அறுப்பார்கள். அறுத்து, கழித்து, பட்டறை போட்டு அடைகிற வரைக்கும் எங்கள் ஊரில் யாருக்கும் ஓய்வு கிடையாது. நாள் முழுக்கக் குந்தியே கிடந்த இடுப்பு அது. விரல் நுனியெல்லாம் சாறு ஏறி வெடித்திருக்கும். அப்பாயியின் செபமாலை கறுப்பு மணி. அதை மூக்கருகே கொண்டுபோனால் வெங்காய வாடைதான் அடிக்கும். பாடுபட்ட சுரூபத்தின் கால் பக்கம், தேய்த்துத் தேய்த்து ஆணியின் புடைப்பு மழுங்கிப்போயிருந்தது. வீட்டுக்கு வரும் பங்குச்சாமியாரை 'நீங்க' என்று சொல்லும், சர்வேசுரனை 'நீ' என்று சொல்லும். அதில் ஒரு நியாயம் இருந்தது. பங்குச்சாமியார் வருசத்துக்கு ஒருமுறை மந்திரிக்க வருகிறவர். மற்றவரோ தினமும் வீட்டில் இருக்கிறவர்.

அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதற்குப் பிள்ளைகள் பிறந்து வளர்ந்த காலத்தில் பூசையும் லத்தீனில்தான் நடந்தது. 1962-இல் கூடி 1965-இல் முடிந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் முடிவால்தான் பீடத்தில் தமிழ் வந்தது. அதுவரைக்கும் சாமியார் அங்கே லத்தீனில் சொல்லிக்கொண்டிருப்பார், பெண்கள் இங்கே செபமாலை உருட்டிக்கொண்டிருப்பார்கள். வேதாகமத்தை அப்பாயி காதால் கேட்டது உபதேசியார் வாயிலிருந்து. கண்ணால் கண்டது பாஸ்காவில்.

பாஸ்கா என்றால் எங்கள் பக்கத்தில் ராத்திரி முழுக்க நடக்கும் திருப்பாடுகளின் நாடகம். கோயில் மைதானத்தில் பாய் விரித்து, சுண்டல் பொட்டலத்தோடு உட்கார்ந்திருப்போம். கெத்சமனிக் காட்சி வரும்போது மேடையில் ஒரே ஒரு நீல விளக்குதான் எரியும். சாக்கில் காகிதம் ஒட்டிச் செய்த பாறையில் கையூன்றி, சேசுவாக நடிக்கிறவர் முழந்தாளில் இருப்பார். மேலே இருந்து கயிற்றில் ஒரு சம்மனசு (தேவதூதன்), சின்னப் பையன்தான், கிண்ணத்தோடு இறங்கி வருவான். கயிறு கிறீச்சிடும். யாரும் சிரித்ததில்லை. அப்பாயி அந்த இடத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொள்ளும். சிலுவையில் அறைகிற காட்சியில்கூட அது அவ்வளவு கலங்கி நான் பார்த்ததில்லை.

ஏன் அந்த இடம் என்று பின்னாளில் மத்தேயு நற்செய்தியை வாசித்தபோது கொஞ்சம் பிடிபட்டது. சேசு அங்கே மூன்று தடவை போய் வேண்டுகிறார். மூன்றாம் தடவையும் அதே வார்த்தைகளைத்தான் சொன்னார் என்று மத்தேயு எழுதி வைத்திருக்கிறார். விதைப்பவனையும் காணாமல்போன ஆட்டையும் கடுகு விதையையும் வைத்து உலகத்துக்குக் கதை கதையாகச் சொன்னவர், தன் உயிர் நோகும்போது ஒரு உவமையும் சொல்லவில்லை. இந்தக் கிண்ணம் வேண்டாமே என்றார், பிறகு உம் விருப்பம் என்றார், திரும்பவும் அதையே சொன்னார். அப்பாயியும் ஒரே செபத்தைத்தான் வருசக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தது. இடுப்புக்குப் பதில் சில நாள் முழங்கால் என்று இருக்கும், அவ்வளவுதான் மாற்றம்.

வருசம் ஒரு தடவை ஏலாக்குறிச்சிக்குப் போவோம். பெரம்பலூரிலிருந்து அரியலூர், அங்கிருந்து திருமானூர்ப் பக்கம் பஸ் மாறி, கொள்ளிடக்கரை ஊருக்கு. செம்மண் போய் வயல் வரும், காற்றில் ஈரம் வரும். அடைக்கல மாதா கோயில் வீரமாமுனிவர் எழுப்பியது. 1680-இல் இத்தாலியில் பிறந்து, 1710-இல் இந்தியாவுக்கு வந்து, இந்த ஊரைத் திருக்காவலூர் என்று கலம்பகம் பாடிய மனிதர். தஞ்சைச் சீமையில் வேதக்காரர்களுக்குத் தொல்லை வந்தபோது ஆற்றைக் கடந்து ஓடி வந்தவர்களுக்கு நிழல் தந்த இடம் இது. அரியலூர் மழவராயருக்கு ராஜபிளவை வந்து, எந்த மருந்துக்கும் ஆறாமல், முனிவர் மாதாவை வேண்டிப் பூசிய சேற்றில் ஆறியது என்றும், அந்த நன்றியில் மழவராயர் நிலம் கொடுத்தார் என்றும் கோயில் வரலாறு சொல்கிறது. இன்றைக்கும் ஜனங்கள் மாதா குளத்துச் சேற்றை வலிக்கிற இடத்தில் அப்பிக்கொள்கிறார்கள். அப்பாயி இடுப்பில் அப்பிக்கொண்டு, அது காய்கிற வரைக்கும் வெயிலில் உட்கார்ந்திருக்கும்.

முனிவர் பெரிய புலவர். சூசையப்பரைப் பாடிய தேம்பாவணியில் மட்டும் 3615 பாட்டு. அவரே 'அன்னை அழுங்கல் அந்தாதி' என்றும் ஒன்று எழுதியிருக்கிறார். மகனைப் பறிகொடுத்த தாயின் அழுகை அது. வேற்று நாட்டிலிருந்து வந்த ஒரு துறவிக்குப் பெற்றவளின் அழுகை தமிழில் எப்படி வந்தது? கொள்ளிடக்கரைப் பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைத்ததைக் கேட்டிராமல் வந்திருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது. தேம்பாவணி என்ற பேரே கேட்டிராத பெண்கள் அவர் கட்டிய கோயிலில் மூன்று நான்கு சொல்லில் அழுதுவிட்டுப் போனார்கள். இரண்டும் ஒரே பீடத்துக்கு முன்னால்தான் நடந்தது.

அங்கே ஒரு வருசம் பார்த்த பெண்ணை என்னால் மறக்க முடியவில்லை. முப்பது வயது இருக்கும். தூணுக்குப் பின்னால், மாதாவை நேருக்கு நேர் பார்க்காமல் நின்றிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. சத்தம் இல்லை. பிள்ளை இல்லாதவள் என்று அப்பாயி என் காதில் சொன்னது, எப்படித் தெரிந்ததோ. சாமுவேல் முதல் நூலில் வரும் அன்னா இப்படித்தான் சீலோவில் நிற்கிறாள். சக்களத்தி பெனின்னா குத்திக் குத்திப் பேசிச் சாப்பிடவிடாமல் அழவைத்த பிறகு எழுந்து வந்தவள். அவள் உதடு அசைவதை மட்டும் கண்ட குரு ஏலி, குடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்து அதட்டுகிறார். கோயிலில் உட்கார்ந்திருந்தவருக்கே செபம் எது, போதை எது என்று தெரியவில்லை. நான் குடிக்கவில்லை, மனதைக் கொட்டிக்கொண்டிருந்தேன் என்கிறாள் அன்னா. பிறகு போய்ச் சாப்பிடுகிறாள். அவள் முகம் வாட்டம் நீங்கியது என்கிறது வேதம். இதைக் கவனிக்க வேண்டும். பிள்ளை இன்னும் உண்டாகவில்லை. வீட்டுக்குக்கூடப் போகவில்லை. முகம் மாறிவிட்டது. அந்தப் பெண்ணும் தூணைவிட்டு வந்து, எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பாயி கொடுத்த புளிச்சோற்றை வாங்கிச் சாப்பிட்டாள்.

திரும்பி வரும்போது அரியலூரில் அத்தை வீட்டில் தங்குவோம். ராத்திரி ரயில் சத்தம் கேட்டால் அப்பாயி எழுந்து உட்காரும். 1956 நவம்பர் 23 விடியற்காலை, சென்னையிலிருந்து வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூர் தாண்டி மருதையாற்றுப் பாலத்தில் வெள்ளத்துக்குள் விழுந்தது. 140-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகியதை எல்லாரும் பாடத்தில் படித்திருப்போம். பாடத்தில் இல்லாத ஒன்றை அப்பாயி சொல்லும். மருதையாறு எங்கள் பச்சைமலையில் பிறக்கிற ஆறு. "நம்ம ஊட்டுக் கூரையில பேஞ்ச தண்ணிதான்டா அங்க போயி அத்தன சனத்தயும் அடிச்சிக்கிட்டுப் போச்சு" என்று சொல்லிவிட்டு, "சேசு மரி சூசையே, தூங்கிக்கிட்டு இருந்த சனம், ஏத்துக்க" என்று முடிக்கும். பேர் தெரியாதவர்கள், மதம் தெரியாதவர்கள். தண்ணீரில் தாழும்போது பேதுரு சொன்ன 'ஆண்டவரே, என்னைக் காப்பாற்றும்' என்ற செபம் வேதத்திலேயே மிகச் சின்ன செபங்களில் ஒன்று. அதைச் சொல்லக்கூட அந்த விடியலில் பலருக்கு நேரம் இருந்திருக்காது. அதை அவர்களுக்காக அப்பாயி சொல்லிக்கொண்டிருந்தது என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

கடைசிக் காலத்தில் அப்பாயிக்கு வயிற்றில் கட்டி. திருச்சிக்குக் கொண்டுபோய்க் காட்டித் திரும்பக் கொண்டுவந்துவிட்டோம். திண்ணையை ஒட்டிய அறையில் கயிற்றுக் கட்டில். வலி வரும்போது ஊரே கேட்கக் கத்தும்: "ஒனக்குக் கண்ணு இல்லையா சாமி? நான் ஒனக்கு என்ன பண்ணேன்?" பார்க்க வந்தவர்களில் ஒருவர், நல்ல மனிதர்தான், "அப்படியெல்லாம் ஆண்டவரைக் கேக்கக் கூடாதும்மா, வலிக்கும் சேர்த்து நன்றி சொல்லுங்க" என்றார். அப்பாயி பதில் சொல்லவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது. சுவரைப் பார்த்தபடி சின்னக் குரலில், "கொறச்சிக்க சாமி. இன்னிக்கு மட்டும்" என்றது.

எசேக்கியா ராஜாவும் சாகக் கிடந்தபோது சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வேண்டினார், தேம்பித் தேம்பி அழுதார் என்று அரசர்கள் இரண்டாம் நூலில் இருக்கிறது. அவருக்குப் 15 வருசம் கூடக் கிடைத்தது. அப்பாயிக்கு அந்த ராத்திரி தூக்கம் மட்டும் கிடைத்தது. அதையே காலையில் எல்லாரிடமும் சொல்லிச் சந்தோசப்பட்டது.

அந்த நல்ல மனிதர் சொன்னது என் மனதில் வெகுநாள் உறுத்திக்கொண்டிருந்தது. யோபு ஆகமத்தின் கடைசி அதிகாரத்தை வாசித்தபோது உறுத்தல் போனது. பிறந்த நாளையே சபித்து, கடவுளை வழக்குக்குக் கூப்பிட்டவர் யோபு. பக்கத்தில் உட்கார்ந்து பக்தியாகப் புத்தி சொன்னவர்கள் நண்பர்கள். முடிவில் ஆண்டவர் நண்பர்களைத்தான் கோபித்துக்கொள்கிறார்; என்னைப் பற்றிச் சரியாகப் பேசியவன் யோபு என்கிறார். 150 திருப்பாடல்களில் எத்தனையோ பாட்டு முறையீடுதான். 88-ஆம் பாட்டில் கடைசி வரி வரைக்கும் ஆறுதலே கிடையாது, இருட்டோடு முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்துக் கோயிலில் பாடியிருக்கிறார்கள். வலிக்கிறவரின் வாயை அடைப்பதற்கு இந்தப் புத்தகத்தில் ஆதாரம் இல்லை.

எங்கள் தெருவில் இப்போது பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள். அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர்கள் ராத்திரியிலும் ஓய்வதில்லை. யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் வாட்ஸ்அப்பில் செபக்கோரிக்கை வருகிறது; கைகூப்பிய படங்கள் வரிசையாக விழுகின்றன. அதிலும் அன்பு இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். கோயிலில் மைக் பிடித்து வேண்டுகிறவர்கள் நல்ல தமிழில் வேண்டுகிறார்கள். ஆனால் இடுப்பு வலிக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. துன்பங்கள், சோதனைகள், பாரங்கள் என்கிறார்கள். 'பாத்துக்க' என்ற சொல்லை ஒரு செபத்தின் முடிவில் கேட்டு வருசங்களாகிவிட்டன. அந்தச் செபம் சொன்ன பெண்கள் எல்லாரும் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். மந்திரப் புத்தகத்தில் அச்சேறியவை எல்லாம் இருக்கின்றன. அவர்கள் சொந்தமாகச் சொன்னவற்றை யாரும் எழுதி வைக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு அப்பாயியோ அம்மாயியோ இருந்திருப்பார்கள். எந்தச் சாமியிடம் சொன்னார்கள் என்பதல்ல காரியம். அவர்கள் சொன்னது நினைவில் இருந்தால் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நல்ல தமிழாக்கித் திருத்தாதீர்கள். அவர்கள் சொன்னபடியே, எந்த நோவுக்குச் சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.